இளவரசி வீட்டுக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

மைசூருக்கு வேன் பிடித்துப் போகும் தமிழ்க் குடும்பத்துக்கு வழிகாட்டி எதுவும் தேவையில்லை. சாமுண்டி மலை, நந்தி, அரண்மனை, மிருகக்காட்சி சாலை, சாயந்திரம் பிருந்தாவனத்தில் கலர் தண்ணீர், நடுவே எங்காவது பட்டுப்புடவை, சந்தன சோப்பு, மைசூர்பாகு. இந்த நிகழ்ச்சிநிரல் தாத்தா காலத்திலேயே முடிவானது. டிரைவருக்கு மனப்பாடம். வேண்டாம் என்று சொன்னாலும் வண்டி நந்திக்கு முன்னால் போய்த்தான் நிற்கும்.

இதையெல்லாம் முடித்த பிறகும் "வேற என்னப்பா இருக்கு இந்த ஊர்ல?" என்று கேட்கிற ஒருவர் எல்லா வேனிலும் இருப்பார். பெரும்பாலும் ரிட்டையர் ஆன சித்தப்பா. கையில் மடித்த பேப்பர், சட்டைப் பையில் இரண்டு பேனா. இந்த யோசனைகள் அவருக்காக எழுதப்படுகின்றன. மற்றவர்கள் வேனில் தூங்கலாம்.

சித்தப்பாவுக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான். இந்த ஊரில் மூன்று வீடுகள் இருக்கின்றன. ஒரே வீட்டுப் பெண்கள் மூன்று பேருக்காகக் கட்டியவை. ஒன்றில் இன்று பல்கலைக்கழகம், ஒன்றில் தபால் இலாகா, ஒன்றில் உணவு ஆராய்ச்சி. வாசலில் இளநீர்க்காரர் கிடையாது, மரயானை விற்பவர் கிடையாது, "கைடு வேணுமா சார்" கிடையாது. அதனால் பார்ப்பது சிரமம். சிரமம் என்று தெரிந்ததும் சித்தப்பாவின் முகம் மலர்வதைக் கவனியுங்கள்.

புறப்படும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது

மைசூர் மகாராஜா சாமராஜேந்திர உடையார் 1894 டிசம்பரில் கல்கத்தாவுக்குப் போன இடத்தில், தொண்டை அடைப்பான் நோயில் இறந்துபோனார். அப்போது முப்பது சொச்சம்தான் வயது. பட்டத்துக்கு வர வேண்டிய பையன் கிருஷ்ணராஜருக்குப் பத்து வயது. அம்மா கெம்பநஞ்சம்மண்ணி 1902 வரை பையனுக்காக ராஜ்யத்தைப் பார்த்துக்கொண்டார். அந்த வருஷங்களுக்கு நடுவே 1897இல் மூத்த பெண் ஜயலட்சம்மண்ணிக்குக் கல்யாணம். அந்தக் கல்யாண சமயத்தில்தான் பழைய மர அரண்மனை தீப்பிடித்து எரிந்துபோனது. இன்று நீங்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சுற்றிவருகிற அரண்மனை அதற்குப் பதிலாகக் கட்டியது. கட்டித் தந்தவர் ஹென்றி இர்வின். நம் எழும்பூர் ரயில் நிலையத்துக்கு வரைபடம் போட்டவரும் அவரே. வேலை முடிய 1912 ஆகிவிட்டது.

கல்யாண வீட்டில் அரண்மனையே எரிந்துபோனால் நம் ஊரில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். "அந்தப் பொண்ணு வந்த நேரம்" என்றோ "மாப்பிள்ளை கால் வச்ச நேரம்" என்றோ மூன்று தலைமுறைக்குப் பேச்சு ஓடும். மைசூரில் அந்த மாப்பிள்ளை காந்தராஜ அரசு 1919இல் சமஸ்தானத்துக்குத் திவான் ஆனார், விஸ்வேஸ்வரய்யா விட்டுப்போன நாற்காலியில். இந்தத் தகவலை வேனில் இருக்கும் மாப்பிள்ளைகள் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

மூத்தவருக்கு 1905இல் ஜயலட்சுமி விலாஸ். அடுத்து கிருஷ்ணாஜம்மண்ணிக்குக் காரஞ்சி மாளிகை. மூன்றாமவர் செலுவாஜம்மண்ணிக்குச் செலுவாம்பா மாளிகை. பெண்ணுக்குச் சீராகப் பாத்திரம் பண்டம் கொடுத்து முடித்தவர்கள் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம். பிறகு மேலே படிக்கவும்.

ஆட்டோக்காரரிடம் இளவரசி பெயரைச் சொல்லாதீர்கள்

இது மிக முக்கியமான யோசனை. "செலுவாம்பா போகணும்" என்று சொன்னால், மைசூரில் எந்த ஆட்டோவும் உங்களைப் பெரிய ஆஸ்பத்திரிப் பக்கம் உள்ள செலுவாம்பா மகப்பேறு மருத்துவமனையில் கொண்டுபோய் இறக்கும். அவசரம் என்று நினைத்து வேகமாகவும் ஓட்டுவார். கூடவே அத்தை இருந்தால் இன்னும் வேகம். "ஜயலட்சுமி" என்றால் ஜயலட்சுமிபுரம் என்ற பேட்டைக்குப் போவீர்கள். "காரஞ்சி" என்றால் ஏரிக்கரையில் டிக்கெட் கவுன்டர் முன்னால் இறக்கிவிட்டு, பட்டாம்பூச்சித் தோட்டம் அந்தப் பக்கம் என்று கையும் காட்டுவார். ராஜா பெயரை நம்பலாமா என்றால் அது இன்னும் மோசம். ஊரில் பாதிக்கு கே.ஆர். என்று பெயர். கே.ஆர். சர்க்கிள், கே.ஆர். ஆஸ்பத்திரி, கே.ஆர். மொஹல்லா. கொஞ்சம் அசந்தால் கே.ஆர்.எஸ். அணைக்கட்டுக்கே போய்விடலாம்.

ஆகவே வீட்டுக்காரி பெயரை விட்டுவிட்டு, குடியிருப்பவர் பெயரைச் சொல்லுங்கள். "சி.எஃப்.டி.ஆர்.ஐ. கேட்" என்றால் செலுவாம்பா. "மானஸகங்கோத்ரி" என்றால் ஜயலட்சுமி விலாஸ். "போஸ்டல் டிரெய்னிங், நஜர்பாத்" என்றால் காரஞ்சி மாளிகை. இளவரசிகள் போய் வெகுகாலம் ஆகிவிட்டது, வாடகைதாரர் பெயர்தான் செல்லும். நம் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது? "பழைய இந்தியன் பேங்க் கட்டடம்" என்றுதானே எல்லாரும் வழி சொல்கிறோம்?

வாசலில் நடந்துகொள்ள வேண்டிய முறை

வாசல்தான் இந்தப் பயணத்தின் முக்கால் பங்கு. உள்ளே என்ன இருக்கிறது என்பதை விட, உள்ளே விடுவார்களா என்பதில்தான் சுவாரஸ்யம். அரண்மனையில் டிக்கெட் வாங்கினால் உள்ளே விட்டே ஆக வேண்டும். இங்கே அப்படி இல்லை. மேஜையில் நீளமான ரிஜிஸ்தர் ஒன்று கிடக்கும். அட்டை பிய்ந்து, மூலையில் டீக்கறை வட்டமாக. பெயர், ஊர், யாரைப் பார்க்க, நேரம், கையெழுத்து என்று கட்டங்கள். "யாரைப் பார்க்க" என்ற கட்டத்தில்தான் எல்லாத் தமிழ்க் குடும்பமும் தடுக்கி விழும்.

சித்தப்பா பேனாவை எடுத்து, "கட்டடத்தை" என்று எழுதுவார். காவலர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, நிதானமாகக் கேட்பார்.

"எல்லிந்த பந்திரி?"

"ஈரோடு."

"ஈரோடா? நம்ம மாவன மனெ பவானி சார்." பிறகு ஐந்து நிமிஷம் பவானியைப் பற்றிப் பேச்சு நடக்கும். மைசூர்க்காரர்கள் பலருக்குத் தமிழ் புரியும், சிலர் பேசவும் செய்வார்கள். நெருக்கம் கூடிவிட்டது, இனி கதவு திறந்துவிடும் என்று உங்களுக்குத் தோன்றும். அப்போதுதான் அவர் சொல்வார்: "ஒளகடே பிடல்ல சார்."

உள்ளே விட மாட்டார்கள் என்று அர்த்தம். இந்த இடத்தில் செய்யக் கூடாதவை சில உண்டு. சித்தப்பாவின் மச்சினர் தலைமைச் செயலகத்தில் இருக்கிறார் என்று சொல்லக் கூடாது. அது எந்தத் தலைமைச் செயலகம் என்று அவருக்குத் தெரியும். ஐம்பது ரூபாய் நோட்டை மடிக்கக் கூடாது. "நாங்க எவ்ளோ தூரத்துலருந்து வந்திருக்கோம் தெரியுமா" என்று ஆரம்பிக்கக் கூடாது. திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கி, பிள்ளைகள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்த கதை உருக்கமானதுதான். ஆனால் அந்தக் காவலருக்கும் காவிரித் தண்ணீருக்கும் சம்பந்தம் வைத்துப் பதில் வர வாய்ப்பு உண்டு. அது உங்களுக்குத் தேவையா?

செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. நில்லுங்கள். ஓரமாக, மரத்தடியில், அவசரமில்லாத ஆட்களாக நில்லுங்கள். அலுவலகம் என்றால் பதினோரு மணிக்குள் யாராவது ஒரு பெரியவர் வண்டியை விட்டு இறங்குவார். அவருக்கு ரிட்டையர் ஆக இரண்டு வருஷம்தான் இருக்கும். சித்தப்பாவும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொள்வார்கள். "போர்ட்டிகோ வரைக்கும் போய்ட்டு வரட்டும் பிடப்பா" என்று அவர் சொல்லிவிட்டால் போதும். போர்ட்டிகோ வரை என்றால் போர்ட்டிகோ வரைதான்.

அப்படியும் நடக்கவில்லை என்றால், உணவு ஆராய்ச்சி நிலையத்தில் ஆண்டுக்கு ஓரிரு நாள் பொதுமக்களுக்கென்று திறந்துவிடுவது உண்டு. அன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். அந்த வரிசையில் சித்தப்பாவை நுழைத்துவிடலாம், உயரம்தான் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும்.

செலுவாம்பா: பால்பவுடர் பிள்ளைகள் கவனிக்கவும்

சுதந்திரம் வந்து மூன்று வருஷம் கழித்து, 1950 அக்டோபரில், இந்த மாளிகையில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. இளவரசி வீட்டில் விஞ்ஞானிகள் வந்து உட்கார்ந்து என்ன செய்தார்கள் என்றால், 1950களில் எருமைப்பாலிலிருந்து குழந்தைகளுக்கான பால்பவுடர் செய்யும் முறையைக் கண்டுபிடித்தார்கள். எருமைப்பாலில் கொழுப்பு அதிகம், பச்சைக் குழந்தைக்குச் செரிக்காது, பவுடராக்க லாயக்கில்லை என்று வெளிநாட்டு நிபுணர்கள் கை விரித்திருந்த காலம் அது. அந்த முறையை எடுத்துக்கொண்டுதான் அமுல் குழந்தை உணவு தகரடப்பாவில் வந்தது.

உங்கள் வேனில் ஐம்பது வயதுக்கு மேலே இருப்பவர்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அவர்களில் பலர் அந்த டப்பாவில் வளர்ந்தவர்கள். காலி டப்பா பிறகு அரிசி அளக்கவும், மிளகாய்த்தூள் போடவும், கடைசியில் வாசலில் துளசிச் செடி வைக்கவும் பயன்பட்டது. மைசூரில் நீங்கள் கும்பிட வேண்டிய வாசல் எது என்று என்னைக் கேட்டால், நந்திக்கு அடுத்தபடி இதைச் சொல்வேன். ஆனால் குடும்பம் இங்கே நின்று கேட்கப்போகும் ஒரே கேள்வி, "மைசூர்பாகு ரெசிபி இவங்ககிட்ட இருக்குமா?" என்பதுதான். இல்லை. அதை அரண்மனைச் சமையற்காரர் காகாசுர மாதப்பா செய்ததாகச் சொல்வார்கள். அவர் வழி வந்தவர்கள் கடை இன்னும் சயாஜிராவ் ரோட்டில் இருக்கிறது. டிரைவருக்கு வழி தெரியும், கவலை வேண்டாம்.

வெளியில் நின்றே பார்க்கக்கூடிய விஷயங்கள் நிறைய. வெள்ளை வெளேரென்ற நீளமான முகப்பு, வரிசைத் தூண்கள், முன்னால் பரந்த புல்வெளி. வண்டி வந்து நிற்பதற்கான வளைவுப் பாதையில் ஒரு காலத்தில் குதிரை வண்டி நின்றிருக்கும். இப்போது ஆய்வகத்து ஜீப் நிற்கிறது. எந்தக் கோணத்தில் போட்டோ எடுத்தாலும் ஜீப் விழும். ஜீப்போடு எடுங்கள். வீட்டுக்காரர்கள் இல்லாத வீட்டுக்குப் போனால், அங்கே இருப்பவர்களின் சாமான் படத்தில் விழத்தான் செய்யும்.

ஜயலட்சுமி விலாஸும் ஒழுகல் சாஸ்திரமும்

மூன்றில் பெரியது இதுதான். குக்கரஹள்ளி ஏரிக்கு அந்தப் பக்கம் மேட்டில், நெடுக இரட்டை இரட்டைத் தூண்களோடு, ஊரைப் பார்த்து நிற்கிறது. 1959இல் கவிஞர் குவெம்பு மைசூர்ப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராக இருந்தபோது இதை 10 லட்சம் ரூபாய்க்கு வாங்கினார்கள். சுற்றியுள்ள வளாகத்துக்கு மானஸகங்கோத்ரி என்று பெயர் வைத்தவரும் அவர்தான். கவிஞர் துணைவேந்தரானால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு இந்தப் பெயரைச் சொல்லலாம். அதே வேலையை ஒரு குழு செய்திருந்தால் "மேற்கு வளாகம் பகுதி 2" என்று முடிந்திருக்கும்.

அப்புறம் அந்த மாளிகைக்குள் நாட்டார் அருங்காட்சியகம் வந்தது. தோல்பாவைகள், யக்ஷகான ஆட்டக்காரர்களின் கிரீடங்கள், கிராமத்து மரச்சாமிகள், உழவுச் சாமான்கள் என்று கர்நாடகம் முழுக்கத் தேடிச் சேர்த்த ஆயிரக்கணக்கான பொருள்கள். இளவரசியின் கல்யாண மண்டபத்தில் ஊர் எல்லைச் சாமி கண்ணை உருட்டிக்கொண்டு நிற்கும். அரண்மனைக்காரர்கள் மாட்டிவைக்கும் படங்களை விட எனக்கு இது ஆயிரம் மடங்கு பிடிக்கும்.

ஆனால் வீடு தாங்கவில்லை. 2000களில் இன்ஃபோசிஸ் அறக்கட்டளை பணம் கொடுத்துப் புதுப்பித்தது. அப்படியும் கொஞ்ச வருஷத்தில் மறுபடி மழைத்தண்ணீர் இறங்கி, கூரையில் சில இடங்கள் விழுந்து, பல பகுதிகளை மூட வேண்டிவந்தது. நீங்கள் போகும் நாளில் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போவது நல்லது.

இங்கே சித்தப்பாவுக்கு என் சொந்தச் சித்தாந்தம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய கட்டடத்தைக் காப்பாற்றுவது வரலாற்று ஆர்வம் அல்ல. மேலே ஒழுகினால் கீழே ஒரு அதிகாரியின் ஃபைல் நனைய வேண்டும். இணை இயக்குநர் தலையில் சொட்டினால் திங்கட்கிழமையே ஆள் ஏணியோடு வந்துவிடுவான். தோல்பாவைத் துரியோதனன் தலையில் சொட்டினால் யாரிடம் போய் அவன் புகார் கொடுப்பான்? மூன்று சகோதரிகளின் வீட்டையும் வரிசையாகப் பார்த்தவர்களுக்கு இது புரியும். தினமும் காலையில் ஆள் வந்து விசிறி போடுகிற வீடுகள் சுண்ணாம்பு உதிராமல் நிற்கின்றன. மிக அழகான வீடு, பார்வையாளருக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட வீடு, தள்ளாடுகிறது.

இது மைசூருக்கு மட்டும் உள்ள நியாயம் இல்லை. பழைய கோவாவில் புனித மோனிகா கன்னியர் மடம் என்று ஒன்று இருக்கிறது. 1606இல் தொடங்கி 1627இல் முடித்தார்கள். ஆசியாவிலேயே மிகப் பெரிய கன்னியர் மடங்களில் ஒன்று என்று சொல்வார்கள். நடுமுற்றத்தில் தோட்டம், சுற்றிலும் தாழ்வாரம். 1830களில் போர்த்துகீசிய அரசு துறவிமடங்களை ஒழித்தபோது ஆண்களை வெளியேற்றினார்கள். கன்னியர்களை அப்படி விரட்டவில்லை, புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது என்று மட்டும் சொன்னார்கள். இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கண்மூட, கடைசிக் கன்னி 1885இல் இறந்தார். அதன் பிறகு அங்கே பட்டாளத்துக்காரர்கள் தங்கினார்கள், பிறகு கன்னியருக்கான படிப்பு நிலையம் வந்தது, கோயில் பகுதியில் கிறிஸ்தவக் கலை அருங்காட்சியகம் வந்தது. யாராவது ஒருவர் உள்ளே இருந்துகொண்டே இருந்தார்கள். கட்டடம் நிற்கிறது. தெருவைத் தாண்டி எதிரே அகுஸ்தீனியத் துறவிகளின் மடம். காலி செய்த சில வருஷத்திலேயே, 1842இல், கோயில் விதானம் இடிந்து விழுந்தது. 1931இல் முகப்பும் போயிற்று. இன்று 46 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோபுரத்தின் பாதி மட்டும் செம்பாறாங்கல்லாகத் தனியே நிற்கிறது. சுற்றுலாக்காரர்கள் எல்லாரும் அந்தப் பாதிக் கோபுரத்துக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டு, முழுசாக இருக்கும் மடத்தைத் திரும்பிப் பார்க்காமல் போகிறார்கள். இடிந்தால்தான் நமக்குக் கண்ணில் படுகிறது.

தோட்டத்தில் கை வைக்காமல் இருப்பது எப்படி

இனி அத்தைமார்களுக்கு. சித்தப்பாவின் இந்தப் பைத்தியக்காரப் பயணத்தில் அவர்களும் வேனை விட்டு இறங்குவார்கள் என்றால் அது தோட்டத்துக்காகத்தான். மைசூரில் எந்த அரசு வளாகத்திலும் மண்பாதை ஓரம் தொட்டி வரிசை, குரோட்டன்ஸ், காகிதப்பூ, தூங்குமூஞ்சி மரங்கள் என்று பராமரிப்பு பிரமாதமாக இருக்கும். இந்த ஊருக்குத் தோட்டப் பழக்கம் ரத்தத்தில் ஊறியது. சமஸ்தானத்தின் தோட்டங்களைப் பார்த்துக்கொள்ள க்ரும்பீகல் என்று ஒரு ஜெர்மன்காரரைப் பிடித்து வைத்திருந்தார்கள். பெங்களூர் லால்பாக் அவர் பொறுப்பில் இருந்தது. வருஷத்தில் எந்த மாதமானாலும் எங்கேயாவது ஒரு வரிசை மரம் பூத்திருக்கும்படி தெருவுக்குத் தெரு நட்டவர். உலகப் போர் வந்ததும், ஜெர்மன்காரர் என்பதற்காக ஆங்கிலேயர் அவரைப் பிடித்து முகாமில் அடைத்தார்கள். செடிக்கு எந்தத் தேசம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை போல.

ஆனால் அத்தைமார்களின் அக்கறை வரலாற்றில் இல்லை, போத்தில் இருக்கிறது.

"இந்தக் கலர் செம்பருத்தி நம்ம பக்கம் கிடைக்காதுடி. ஒரே ஒரு போத்து."

"அத்தை, போர்டு வச்சிருக்காங்க."

"கன்னடத்துலதானே வச்சிருக்கான்?"

போர்டில் பூப்பறிக்கக் கூடாது என்று இருக்கும். போத்து ஒடிக்கக் கூடாது என்று இல்லையே என்பது அத்தையின் வாதம், அதற்கு எந்தக் கோர்ட்டிலும் பதில் கிடையாது. கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து, நுனியைச் சாய்வாகக் கிள்ளி, ஈரத்துணியில் சுற்றி, இட்லித் தூக்கின் மேல்தட்டில் வைத்து மூடுகிற அந்த வேகத்தைப் பார்த்தால், உள்ளே இருக்கும் விஞ்ஞானிகளே எழுந்து வந்து குறிப்பு எடுப்பார்கள். இதைத் தடுக்க எந்த வழிகாட்டியாலும் முடியாது. முடிந்த ஒரே யோசனை: முதலில் போய்த் தோட்டக்காரரைக் கேளுங்கள். குனிந்து களை பறிக்கிற அந்த மனிதரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. "அண்ணா, இது என்ன செடி?" என்று கேட்டால் நிமிர்ந்து பார்ப்பார், இடுப்பில் கை வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் பேசுவார், கடைசியில் அவரே வெட்டுக்கத்தியை எடுத்து மூன்று போத்து சீவித் தருவார். திருடியதை விடக் கொடுத்தது நன்றாக வேர் பிடிக்கிறது என்று அத்தைமார்களே ஒப்புக்கொள்வார்கள், வெளியில் சொல்ல மாட்டார்கள்.

ஜயலட்சுமி விலாஸ் பக்கம் போனவர்கள் வெளியே வந்து குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நடக்கலாம். கால்வலிக்காரர்களுக்கும் ஏற்ற சமமான மண்பாதை. ஆர்.கே. நாராயண் தினமும் நடந்த கரை இது. சென்னையில் புரசைவாக்கத்தில் பிறந்தவர், மைசூரிலேயே வேரூன்றிவிட்டார். யாதவகிரியில் அவர் கட்டிய வீட்டையும் நினைவில்லமாக்கியிருக்கிறார்கள். அங்கே உள்ளே விடுவார்கள்.

காரஞ்சி

இந்த வீட்டைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் குரலைத் தணிக்க வேண்டியிருக்கிறது. கிருஷ்ணாஜம்மண்ணி இந்த மாளிகையில் நீண்ட காலம் வாழவில்லை. காசநோய் அவரையும் கொண்டுபோயிற்று, அவர் பெண்களையும் கொண்டுபோயிற்று. ராஜா தங்கை, ராஜவைத்தியம், வெள்ளைக்கார டாக்டர் எல்லாம் இருந்தும் ஒன்றும் நடக்கவில்லை. அண்ணன் கிருஷ்ணராஜ உடையார் தங்கை பெயரில் மைசூரில் காசநோய்க்கென்றே ஒரு மருத்துவமனை கட்டினார். இன்றைக்கும் அது பி.கே. சானடோரியம் என்ற பெயரில் நடக்கிறது. பி.கே. என்றால் பிரின்சஸ் கிருஷ்ணாஜம்மண்ணி. பெயர்ப்பலகையில் முதலெழுத்து மட்டும் மிஞ்சிப்போனதால், அங்கே சீட்டு வாங்க வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெண்ணைத் தெரியும் என்று சொல்ல முடியாது.

மாளிகையில் இப்போது தபால் துறைப் பயிற்சி மையம். பல மாநிலங்களிலிருந்து வந்த ஆட்கள் தங்கி, மணியார்டரும் சேமிப்புக் கணக்கும் மென்பொருளும் கற்றுக்கொண்டு போகிறார்கள். இடைவேளையில் அவர்கள் இளவரசியின் வராந்தாப் படியில் உட்கார்ந்து போனில் ஊருக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒரு பையன் மதுரைத் தமிழில் "சாப்பாடுலாம் நல்லாத்தாம்மா இருக்கு, சாம்பார்ல மட்டும் வெல்லம் போடுறாய்ங்க" என்று சொல்வது காதில் விழுந்தால் ஆச்சரியப்படாதீர்கள். இங்கே சித்தப்பா கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்வார். அவர் தபால் துறையில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவராக இருந்துவிட்டால், அன்றைய நிகழ்ச்சிநிரலில் மீதி எல்லாவற்றையும் ரத்து செய்துவிடவும்.

சாப்பாட்டுக்கு நஜர்பாத்திலேயே மைலாரி ஓட்டல் இருக்கிறது. மெத்தென்ற தோசை, மேலே வெண்ணெய், உள்ளே காய்கறிச் சாகு, பக்கத்தில் தேங்காய்ச் சட்னி. சின்ன இடம், பெஞ்சில் முட்டிக்கு முட்டி இடித்துக்கொண்டு உட்கார வேண்டும். சாம்பார் கேட்காதீர்கள்.

எந்தக் கிழமை போவது

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். அன்று அலுவலகங்கள் பூட்டு, காவலர் மட்டும் இருப்பார், உள்ளே விடச் சொல்ல ஒரு பெரிய அதிகாரியும் வர மாட்டார். தவிர ஞாயிறு இரவு ஏழு மணிக்கு அரண்மனையில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் பல்பு எரியும். அதற்கு இடம் பிடிக்க ஐந்து மணிக்கே குடும்பம் கிளம்பிவிடும். தசரா சமயமும் வேண்டாம், ஊரில் கால் வைக்க இடம் இருக்காது.

செவ்வாய்க்கிழமை போங்கள். அலுவலகங்கள் நடக்கும், பெரியவர்கள் பதினோரு மணிக்கு வண்டியை விட்டு இறங்குவார்கள், தோட்டக்காரர் இருப்பார். முக்கியமாக, மிருகக்காட்சி சாலைக்கும் காரஞ்சி ஏரிக்கும் செவ்வாய் விடுமுறை. ஒட்டகச்சிவிங்கி பார்க்கலாம் என்று வந்த பிள்ளைகளுக்குப் போக வேறு இடம் இருக்காது. இந்த விடுமுறை விவரத்தை நஞ்சன்கூடு தாண்டும் வரை யாரிடமும் சொல்ல வேண்டாம். அதுவரை டிரைவரைச் சித்தப்பா தன் பக்கத்திலேயே உட்காரவைத்து, வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொண்டு வரட்டும்.